நிலாவாரையும் நிமோனியா ஊசியும்: நடுவில் இருக்கிற சர்க்கரை

தமிழ்நாடு-கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் கைக்குழந்தை இருக்கிற வீடுகளில், புதன்கிழமை ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வருவார்கள், வந்த கையோடு மாசிக்காயையும் ஜாதிக்காயையும் தாய்ப்பாலில் உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவவும் செய்வார்கள். இரண்டையும் செய்வது ஒரே ஆச்சிதான். அவருக்கு இதில் ஒரு முரண்பாடும் தெரிவதில்லை. சண்டை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். "ஊசி முழுக்க கெமிக்கல் அண்ணாச்சி, நம்ம மருந்துன்னா இயற்கை" என்று ஒருவர் எழுதுவார், "இலை தழையில என்ன இருக்கு, எல்லாம் நம்பிக்கைதான்" என்று இன்னொருவர் பதில் போடுவார், இரவு பதினொன்று வரை ஓடும்.

இந்த இரண்டு பேருக்கும் தெரியாத ஒரு கூட்டம் இருக்கிறது. கார்போஹைட்ரேட் வேதியியல் செய்கிற பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். இவர்களில் பலர் தடுப்பூசி ஆராய்ச்சியையும் மூலிகை ஆராய்ச்சியையும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மாணவர்களை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் மாதிரி இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே வேலை. நோய்க்கிருமியின் மேல் என்ன சர்க்கரை இருக்கிறது, செடியின் மருந்துப்பொருளில் என்ன சர்க்கரை ஒட்டியிருக்கிறது, அதை அச்சு அசலாக நாமே செய்ய முடியுமா என்பதுதான் அந்த வேலை.

சர்க்கரை என்றால் காபியில் போடுவது மட்டும் இல்லை. குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ், ரைபோஸ் என்று ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. இவை ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கின்றன என்பதில்தான் எல்லா வித்தையும். மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்கிறோமே, அதில் இருக்கிற மாவுச்சத்து முழுக்கக் குளுக்கோஸ். அதே மரச்சீனியின் தண்டில் இருக்கிற செல்லுலோஸும் குளுக்கோஸ்தான். கிழங்கு செரிக்கிறது, தண்டு செரிக்காது. ஒரு குளுக்கோஸ் அடுத்த குளுக்கோஸோடு சேரும் இடத்தில் பிணைப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம், வேதியியலில் ஒன்றை ஆல்ஃபா என்றும் மற்றதை பீட்டா என்றும் சொல்வார்கள். நம் ரத்த வகைகளும் இப்படித்தான். ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேறுபாடு, சிவப்பணுவின் மேல் இருக்கிற சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எந்த ஒற்றைச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான். ஓ வகையில் அந்த நுனிச் சர்க்கரையே கிடையாது. மாற்றி ரத்தம் ஏற்றினால் ஆள் உயிருக்கே ஆபத்து என்கிற அளவுக்கு நம் உடம்பு சர்க்கரைகளைப் பிரித்துப் பார்க்கிறது.

தடுப்பூசிக்காரர்களுக்கு இது முக்கியமானது எப்படி என்றால், பல கிருமிகள் தங்களைச் சுற்றி ஒரு சர்க்கரை உறையை வளர்த்துக்கொண்டுதான் உடம்புக்குள் வருகின்றன. நிமோனியாவை உண்டாக்குகிற நிமோகாக்கஸ் கிருமி தாக்கிய நோயாளிகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமியிலிருந்து கரைந்து வந்த ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று 1917-லேயே நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டோசேவும் ஏவரியும் கண்டார்கள். அது என்ன பொருள் என்று பிரித்துப் பார்க்க ஆஸ்வால்டு ஏவரி, மைக்கேல் ஹைடெல்பெர்கர் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் நோய் எதிர்ப்பைத் தூண்டுவது புரதம் மட்டுமே என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், புரதம் என்றால் அதில் நைட்ரஜன் இருந்தாக வேண்டும். ஹைடெல்பெர்கர் சுத்தம் செய்யச் செய்ய நைட்ரஜன் குறைந்துகொண்டே போனது, ஆனால் அந்தக் கிருமிக்கு எதிர்ப்புப் பெற்ற ரத்தத் திரவத்தோடு சேர்ந்தால் வீழ்படிவாகிற குணம் மட்டும் குறையவே இல்லை. கடைசியில் கையில் மிஞ்சியது வெறும் பாலிசாக்கரைடு, அதாவது நீண்ட சர்க்கரைச் சங்கிலி. 1923-இல் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. (இதே ஏவரிதான் இதே நிமோகாக்கஸை வைத்துக்கொண்டு 1944-இல் மரபுப்பொருள் டிஎன்ஏதான் என்று காட்டியவர். அவருக்கு நோபல் கொடுக்காமலே விட்டார்கள் என்பது தனிக்கதை.)

சரி, உறை சர்க்கரை என்று தெரிந்துவிட்டது, அதையே ஊசியாகப் போட்டால்? போட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க விமானப்படைப் பயிற்சி முகாமில் நான்கு வகை நிமோகாக்கஸ் சர்க்கரைகளைக் கலந்து வீரர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், நன்றாகவே வேலை செய்தது, 1945-இல் முடிவுகள் வந்தன. அதற்குள் பெனிசிலின் வந்துவிட்டது. ஊசி எதற்கு, வந்தபிறகு மருந்து கொடுத்தால் போதும் என்று உலகம் அதை மறந்துபோனது.

ஆனால் இன்னொரு பெரிய சிக்கல் இருந்தது. வெறும் சர்க்கரை ஊசி பெரியவர்களுக்குத்தான் பலிக்கும். நிமோனியாவாலும் மூளைக்காய்ச்சலாலும் அதிகம் சாவது இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், அவர்கள் உடம்பு இந்தச் சர்க்கரையைக் கண்டுகொள்வதே இல்லை. காரணம் இதுதான். நம் உடம்பில், கிருமியைப் பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடியைச் செய்கிற பி செல்கள் உண்டு, அவற்றுக்கு உத்தரவும் ஊக்கமும் கொடுக்கிற டி செல்கள் உண்டு. டி செல்லுக்குப் பொதுவாகப் புரதத் துண்டைக் காட்டினால்தான் புரியும், சர்க்கரை புரியாது. பெரியவர்களின் பி செல்கள் டி செல்லின் உதவி இல்லாமலே ஓரளவு சமாளிக்கும், பச்சைக் குழந்தையின் பி செல்களால் முடியாது. முடிந்தாலும் நினைவு தங்காது.

இதற்கு விடை அதே ஏவரியின் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தது. வால்டர் கோபெல் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து அவர் நிமோகாக்கஸ் சர்க்கரையை ஒரு புரதத்தோடு ரசாயனப் பிணைப்பால் ஒட்டி முயல்களுக்குப் போட்டார், தனிச் சர்க்கரைக்கு அசையாத முயல்கள் இதற்கு எதிர்ப்புக் காட்டின. 1931-இல் வெளிவந்த இந்த வேலையை அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகத் தொடவில்லை. 1980 வாக்கில் ஜான் ராபின்சும் ரேச்சல் ஷ்னீர்சனும் ஒரு பக்கம், டேவிட் ஸ்மித்தும் போர்ட்டர் ஆண்டர்சனும் இன்னொரு பக்கம், குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தருகிற ஹிப் என்கிற கிருமியின் சர்க்கரையைப் புரதத்தில் ஒட்டிக் குழந்தைகளுக்கான ஊசியாக்கினார்கள். 1987-இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. ஒட்டுவதில் உள்ள தந்திரம் எளிமையானது. சர்க்கரையை அடையாளம் கண்ட பி செல் அதோடு ஒட்டியிருக்கிற புரதத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும், விழுங்கியதை வெட்டி டி செல்லிடம் காட்டும், டி செல் தனக்குப் புரிகிற புரதத்தைப் பார்த்துவிட்டு உத்தரவு கொடுக்கும், பி செல் அந்த உத்தரவை வைத்துக்கொண்டு சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடியைச் செய்யும். கிட்டத்தட்ட ஏமாற்று வேலை. ஆனால் குழந்தையின் உயிரைக் காக்கிற ஏமாற்று வேலை.

இதை இந்தப் பக்கத்து ஆட்கள் அறிந்திருக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. ஹிப் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியை, அதாவது ஐந்து நோய்க்கு ஒரே ஊசி என்று நர்சம்மா சொல்கிறாரே, அதை இந்திய அரசு 2011 டிசம்பரில் முதன்முதலில் கொண்டுவந்தது இரண்டே மாநிலங்களில். ஒன்று தமிழ்நாடு, இன்னொன்று கேரளம். மற்ற மாநிலங்களுக்கு அப்புறம்தான் போனது. அதாவது புளியரைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் பிறந்த குழந்தைக்கும் அந்தப் பக்கம் பிறந்த குழந்தைக்கும், நாட்டின் வேறு எந்தக் குழந்தைக்கும் முன்பாக, அரசுச் செலவில் சர்க்கரைத் தடுப்பூசி கிடைத்தது. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடுவது அதுதான். நிமோகாக்கல் ஊசி 2017-இல் வடக்கே சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுவதும் வந்தது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் செய்கிற டைஃபாய்டு கான்ஜுகேட் ஊசியும் இதே ரகம், டைஃபாய்டு கிருமியின் உறைச் சர்க்கரையை டெட்டனஸ் புரதத்தோடு ஒட்டியது. புனேயின் சீரம் நிறுவனம் ஆப்பிரிக்காவுக்காகச் செய்த மூளைக்காய்ச்சல் ஏ ஊசி, ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவாக 2010-இல் புர்கினா ஃபாசோவில் இறங்கியது, மூளைக்காய்ச்சல் பட்டை என்று சொல்கிற ஆப்பிரிக்க நாடுகளில் அந்தக் கிருமி வகையைக் கிட்டத்தட்ட துடைத்தே எடுத்துவிட்டது.

இவ்வளவும் நடந்தாகிவிட்டது என்றால் பேராசிரியருக்கு இன்னும் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. மேலே சொன்ன ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? கிருமியைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, கொன்று, உறையைப் பிரித்து எடுக்கிறார்கள். கிடைப்பது நீளமும் குட்டையுமான சங்கிலிகளின் கலவை. எந்தச் சங்கிலி புரதத்தில் எந்த இடத்தில் ஒட்டியது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. நிமோகாக்கஸில் 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, வகைக்கு ஒரு சர்க்கரை, பத்து வகை ஊசி என்றால் பத்தையும் தனித்தனியாக வளர்த்து ஒட்ட வேண்டும். ஊசியில் இருப்பது சரியாக இன்ன மூலக்கூறு, ஒவ்வொரு முறையும் அதே மூலக்கூறு என்று சொல்ல வேண்டுமானால் சர்க்கரையை ஆய்வுக்கூடத்திலேயே கட்ட வேண்டும்.

அது லேசான காரியம் இல்லை. மூன்று வெவ்வேறு அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் ஆறு விதமாகக் கோக்கலாம், அவ்வளவுதான். மூன்று வெவ்வேறு ஆறு-கார்பன் சர்க்கரைகளைக் கோத்தால் 27,648 விதங்கள் வரை வரும். ஒவ்வொரு சர்க்கரையிலும் கைகோக்கத் தயாராக நான்கைந்து இடங்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே மாதிரி ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைகள், நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கட்டிப்போட வேண்டும், பிறகு பிணைப்பு விழுந்ததும் அவிழ்க்க வேண்டும், அடுத்த சர்க்கரைக்கு மறுபடியும் வேறு இடங்களைக் கட்ட வேண்டும். சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்திருந்தால் இது புரியும், சாயம் ஏறக்கூடாத இடத்தில் முடிச்சு, முக்கி எடுத்த பிறகு முடிச்சை அவிழ்ப்பது. இங்கே ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டால் பல மாத வேலை போச்சு. முனைவர் பட்ட மாணவர்களின் இளமை இதில்தான் கரைகிறது. 2001-இல் பீட்டர் சீபெர்கரின் குழு இந்த வேலையைத் தானியங்கி இயந்திரம் ஒன்றில் செய்து காட்டிய பிறகு கொஞ்சம் வேகம் வந்தது, ஆனாலும் எல்லாச் சர்க்கரைக்கும் அந்த இயந்திரம் வளைந்து கொடுப்பதில்லை.

செய்து முடித்துக் காட்டியது யார் தெரியுமா? கியூபா. ஹவானா பல்கலைக்கழகத்தில் விசென்ட்டே வெரஸ்-பென்கோமோ என்ற வேதியியல் பேராசிரியர், கனடாவின் ரெனே ராயோடு சேர்ந்து, ஹிப் கிருமியையே தொடாமல் அதன் உறைச் சர்க்கரையை ஆய்வுக்கூடத்தில் கட்டினார். ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தால் விலை கட்டுப்படியாகாது என்று, சிறு அலகுகள் தாங்களே ஒன்றோடொன்று சேர்ந்து நீளும்படி ஒரே படியில் முடிக்கிற வழியைக் கண்டுபிடித்ததுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். அமெரிக்கப் பொருளாதாரத் தடையில் இறக்குமதி ஊசிக்குத் திண்டாடிய நாடு 2003-இல் தன் குழந்தைகளுக்கு அதை அனுமதித்தது, முழுக்க ஆய்வுக்கூடத்தில் கட்டிய சர்க்கரையால் மக்களுக்கு வந்த முதல் தடுப்பூசி அது. பணக்கார நாடுகளின் பெரிய கம்பெனிகள் செய்யாததை ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறை செய்தது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

நம் நாட்டில் இதற்கு இணையாகப் பார்க்க வேண்டியது காசநோய். உலகிலேயே அதிகமான காசநோயாளிகள் இந்தியாவில். காசநோய்க் கிருமியின் சுவரில் அராபினோகேலக்டன் என்றொரு கிளைவிட்ட சர்க்கரை இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான புனே ஐசரில் சீனிவாஸ் ஹோதாவின் குழு, தங்கத்தையும் வெள்ளியையும் வினையூக்கியாக வைத்து, இந்தச் சுவரின் 21 சர்க்கரைகள் கொண்ட ஒரு துண்டைக் கட்டி 2017-இல் வெளியிட்டது. ஊசி ஆகிவிடவில்லை, அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் எந்தத் துண்டை உடம்பு அடையாளம் காண்கிறது என்று சோதிக்க முதலில் சுத்தமான துண்டு கையில் வேண்டுமே.

இங்கேதான் மூலிகை உள்ளே வருகிறது. சீந்தில் கொடியிலும் அராபினோகேலக்டன் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் சீந்தில் தண்டை இடித்துக் கரைத்துத் தெளியவைத்து எடுக்கிற சீந்தில் சர்க்கரை தெரியும்தானே. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சீந்திலிலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிற ஓர் அராபினோகேலக்டனைப் பிரித்து 1999-இல் எழுதினார்கள். உடனே, ஆகா, காசநோய்க் கிருமியில் இருப்பதும் சீந்திலில் இருப்பதும் ஒன்றே, முன்னோர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது என்று ஒரு ஃபார்வர்டு கிளம்பிவிடும். தெரியவில்லை, ஒன்றும் இல்லை. கிருமியின் அராபினோஸும் செடிகளில் பொதுவாக இருக்கிற அராபினோஸும் வலக்கை, இடக்கை மாதிரி எதிர்ப்பிம்பங்கள். கேலக்டோஸ் வளையமும் கிருமியில் ஐந்து அணுக்கள் கொண்டது, செடிகளில் பெரும்பாலும் ஆறு. பெயர் ஒன்றாக இருப்பதால் உடம்பு ஏமாறாது. வேதியியலாளர் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது வீண் வேலை இல்லை என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மூலிகையில் சர்க்கரை என்ன செய்கிறது என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம், திருநெல்வேலிச் சீமையின் நிலாவாரை போதும். வெளிநாட்டு மருந்து வணிகத்தில் இதற்குப் பெயரே டின்னவேலி சென்னா, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிப் பேர் வாங்கிய இலை. மலச்சிக்கலுக்கு இது கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கேட்கிறது என்பதுதான் அழகு. அதில் உள்ள சென்னோசைடு என்ற பொருளில் இரண்டு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. அந்தச் சர்க்கரை இருப்பதால் அது வயிற்றிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்படாமல், எதையும் தொந்தரவு செய்யாமல், நேராகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெட்டிவிடுகின்றன, அப்போதுதான் உள்ளே இருக்கிற மருந்து வெளியே வந்து வேலையைத் தொடங்குகிறது. சாப்பிட்டால் ஏழெட்டு மணி நேரம் கழித்துத்தான் வயிறு போகிறது என்பதற்கும், இரவில் படுக்கப்போகும்போது குடிக்கச் சொல்வதற்கும் காரணம் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. இயற்கை மருந்தா, ஆங்கில மருந்தா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

சர்க்கரை ஒட்டியிருந்தால் நல்லது மட்டும் என்றும் இல்லை. அரளியில் இருக்கிற ஒலியாண்ட்ரினும் சர்க்கரை ஒட்டிய பொருள்தான், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். 2024 மே மாதம் கேரளத்தில் ஒரு மரணத்துக்கு அரளி காரணமோ என்ற சந்தேகம் எழுந்து, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று சொன்னது. கேரளக் கோயில்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்துதான் பூ போகிறது என்பதால் மலைக்கு இந்தப் பக்கமும் அது பேச்சாக இருந்தது. இயற்கை என்றாலே பாதுகாப்பு என்று வாதாடுகிறவர்களிடம் நான் வேறு எதுவும் சொல்வதில்லை, அரளி என்று மட்டும் சொல்வேன்.

தடுப்பூசியும் மூலிகையும் ஒரே குப்பியில் சேர்ந்த இடமும் உண்டு. சிலி நாட்டில் குயில்லாயா என்றொரு மரம், அதன் பட்டையைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் நுரைக்கும், அங்குள்ள பழங்குடிகள் சோப்பாகவும் மருந்தாகவும் பயன்படுத்தியது. நுரைப்பதற்குக் காரணம் சப்போனின், நம் பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இருப்பதும் அதே குடும்பம்தான். கொழுப்பு மாதிரியான ஒரு நடுப்பகுதி, அதன் பக்கங்களில் சர்க்கரைச் சங்கிலிகள். இந்தப் பட்டைச் சாற்றைப் பிரித்துக்கொண்டே போய் எடுத்த ஒரு பகுதிக்கு க்யூஎஸ்-21 என்று பெயர். ஊசியில் முக்கிய மருந்தோடு இதைத் துளி சேர்த்தால் உடம்பின் எதிர்ப்பு பல மடங்கு எழுகிறது. அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் ஊசியில் இருப்பது இதுதான், இந்தியாவிலும் அது 2023-இல் விற்பனைக்கு வந்தது. (நம் ஊரில் அக்கிக்குக் குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டு வருவார்கள், அதில் சப்போனின் எதுவும் இல்லை.) உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த முதல் மலேரியா ஊசியிலும் க்யூஎஸ்-21 இருக்கிறது, 2023-இல் பரிந்துரைத்த, புனேயில் தயாராகிற இரண்டாவது மலேரியா ஊசியிலும் அதே மரத்தின் சப்போனின்கள்.

ஊசியில் இப்படித் துணைப்பொருள் சேர்க்கலாம் என்று முதலில் கண்டவர் பிரான்சின் காஸ்டன் ரமோன், 1920-களில். குதிரைகளுக்கு டிப்தீரியா நச்சைப் போடும்போது அதோடு என்னென்னவோ கலந்து பார்த்தார், ரொட்டித்தூள், சப்போனின், மரச்சீனி மாவு. ஆமாம், மரச்சீனி மாவேதான். கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் மரச்சீனியும் மீனும் தின்று வளர்ந்தவர்கள் இதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் ஒரு காட்டு மரத்தின் பட்டையை நம்பி உலகத்துக்கே ஊசி செய்ய முடியுமா? இங்கேதான் மறுபடியும் வேதியியலாளர். டேவிட் ஜின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் க்யூஎஸ்-21 முழுவதையும் ஆய்வுக்கூடத்தில் கட்டி முடித்தார், கட்டியதால்தான் அந்த மூலக்கூறில் எந்தச் சர்க்கரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எது இல்லாவிட்டால் வேலை செய்யாது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க முடிந்தது. 2024-இல் கலிஃபோர்னியாவில் ஜே கீஸ்லிங்கின் குழு 30-க்கும் மேற்பட்ட என்சைம்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, வெறும் சர்க்கரையைத் தின்றுவிட்டு ஈஸ்ட்டே க்யூஎஸ்-21-ஐச் செய்யும்படி ஆக்கியது. இன்னும் மிகக் குறைந்த அளவுதான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. டைஃபாய்டு கிருமியின் உறைச் சர்க்கரை, பழத்தோல்களில் இருக்கிற பெக்டினுக்கு நெருங்கிய சொந்தம். ஹிப் ஊசியைச் செய்த அதே ராபின்சும், ஷூசுன் ஸூவும், பழப் பெக்டினை எடுத்து அதில் அசிட்டைல் என்ற சிறு அணுக்கூட்டங்களை ஏற்றி, புரதத்தில் ஒட்டி, எலிகளுக்குப் போட்டார்கள். எலிகளின் உடம்பு டைஃபாய்டு உறைக்கு எதிரான ஆன்டிபாடியைச் செய்தது. 1994-இல் வந்த வேலை. பழத்தோலிலிருந்து டைஃபாய்டு ஊசி. இதை ஃபார்வர்டு செய்ய ஏனோ யாருக்கும் தோன்றவில்லை.

இப்படி எல்லாமே நன்றாக முடிந்துவிடாது. கீழாநெல்லியைப் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு நம் வீடுகளில் மோரில் அரைத்துக் கொடுப்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்து தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கீழாநெல்லி என்று நாம் பறிப்பதிலேயே ஒரே மாதிரி இருக்கிற பல இனங்கள் உண்டு, மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சத்து மாறும், முதல் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் குறைவு. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் இன்ன மூலக்கூறு, இவ்வளவு மில்லிகிராம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத நிலையில் இரு தரப்பும் இன்றுவரை தங்கள் பக்கத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் வாங்கும்போது நான் கேட்க நினைப்பது இதைத்தான், போன தடவை கொடுத்ததும் இதுவும் ஒன்றுதானா அண்ணாச்சி?

நம் மலையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. தென்காசியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை வழியாகப் பஸ்ஸில் போனால் பாலோடு வரும். அங்கே இருப்பது 1979-இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையம். 1987-இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு அகத்தியமலைக் காட்டுக்குள் போனபோது, வழிகாட்டியாக வந்த காணிக்காரர்கள், அதாவது அந்த மலையின் பழங்குடிகள், ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். முதலில் சொல்ல மறுத்தார்கள், பிறகு காட்டினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பிரித்துப் பார்த்ததில் கிளைக்கோலிப்பிடுகள், அதாவது சர்க்கரை ஒட்டிய கொழுப்புகள், இருப்பதாக எழுதினார்கள். அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து ஜீவனி என்ற மருந்து ஆனது, 1995-இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது, 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகை, விற்பனையில் 2 சதவீதம் பங்கு, அதில் பாதி காணிகளுக்கு. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று என்று உலகம் முழுக்கப் பேசினார்கள்.

அப்புறம் நடந்தது அவ்வளவு இனிப்பில்லை. செடியை வேரோடு பிடுங்கிவிடுவார்கள் என்று வனத்துறை இலை பறிப்பதற்குத் தடை போட்டது, இலை இல்லாமல் மருந்து எப்படி வரும்? குயில்லாயா பட்டையிலிருந்து ஒற்றை மூலக்கூறு வரை போன பயணம் ஆரோக்கியப்பச்சைக்கு நடக்கவில்லை, அது நான்கு மூலிகைக் கலவையாகவே நின்றுவிட்டது. இலையையே நம்பியிருக்கிற மருந்து காட்டையே நம்பியிருக்கிற மருந்து, காட்டுக்குள் யார் கை வைக்கலாம் என்பதைச் சட்டம் சொல்கிறது, வேதியியல் சொல்வதில்லை. அதோடு, பங்குப்பணத்துக்காக 1997-இல் பதிவான அறக்கட்டளையின் பெயர் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட். காணிகள் பேச்சிப்பாறையிலும் பாபநாசத்திலும் இருக்கிறார்கள், அதே அகத்தியமலை, ஆனால் தமிழ்நாட்டுச் சரிவு. 1956-இல் மாநிலங்கள் பிரிந்து செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தபோது உறுதியான மாநிலக் கோடு அந்தக் காட்டுக்கு நடுவிலும் போகிறது, செடி இரண்டு பக்கமும் முளைக்கிறது, அறக்கட்டளை ஒரு பக்கத்துக்கு மட்டும்.